புகையாத கரி

“தொழில்: கடல் மீன்பிடிப்பு, முழுநேரம். நீச்சல்: நன்றாகத் தெரியும்.”

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் சின்னமாங்குப்பத்து மீனவர் சங்கம் தசரதனுக்குக் கொடுத்த அடையாள அட்டையில் இப்படித்தான் அச்சாகியிருக்கிறது. அட்டையில் உள்ள முகம் அவருடையதுதான். மற்றதெல்லாம் வேறு யாரோ ஒரு கெட்டிக்கார மீனவனுக்குப் போய்ச் சேர வேண்டியது. முழங்காலளவுத் தண்ணீரில் கட்டிக் கிடக்கும் படகில் ஏறி உட்கார்ந்தாலே தசரதனுக்கு வாயில் எச்சில் ஊறும். அடுத்த நிமிடம் வாந்தி. நீச்சல் தெரியாது. இறாலைத் தவிர எதையும் பெயர் சொல்லி அடையாளம் காட்ட வராது. இறால் மீனே கிடையாது என்று சொல்லி அவர் மனைவி குணசுந்தரி அந்த ஒரு மார்க்கையும் கழித்துவிடுவாள்.

ஆனால் எழுத்தில் இருப்பதை நம்புகிறவர்கள் உலகத்தில் எங்கும் இருக்கிறார்கள். பஹ்ரைனில் படகு வைத்திருந்த ஒருவர் இந்த அட்டையை நம்பி அவரை மீன்பிடி விசாவில் அழைத்துக்கொண்டார். நான்கு நாள் நடுக்கடலில், படகின் அடித்தட்டில் சுருண்டு கிடந்த தன் புதிய மீனவனைப் பார்த்தார். ஐந்தாம் நாள் கரைக்கு வந்ததும், மனாமாவில் ஷீஷா கடை நடத்திய சித்தப்பா மகனிடம் தள்ளிவிட்டார். இங்கே ஹூக்கா என்கிறோமே, அதற்கு அங்கே பெயர் ஷீஷா. அங்கே தசரதனுக்குக் கிடைத்தது கரிக்காரன் வேலை. பதினேழு வருடம் அதைப் பார்த்தார்.

கண்ணாடிக் குடுவையின் உச்சியில் ஒரு மண் கிண்ணம். அதில் புகையிலை, அதன்மேல் துளையிட்ட தகடு, தகட்டின்மேல் கனல். கனல் தணிந்தால் புகை வராது. மிஞ்சினால் புகையிலை கருகி, இழுத்தவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு கத்துவார். இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இரும்புக் கூடையும் இடுக்கியுமாக மேசைக்கு மேசை நடப்பவன்தான் கரிக்காரன். தசரதன் ஒரு நாளும் அந்தக் குழாயில் வாய் வைத்ததில்லை. தாலி செய்து செய்து கொடுக்கும் பிரம்மச்சாரித் தட்டானைப் போல, அதன் சுகதுக்கம் எதுவும் தெரியாமலே அதில் தேர்ந்தவராகிவிட்டார்.

தேர்ச்சி என்றால் உண்மையான தேர்ச்சி. தீக்குச்சி காட்டியதும் சடசடவென்று பற்றிக்கொள்ளும் மருந்துக் கரியை அவர் கையால் தொடமாட்டார். அது புகையில் ஆஸ்பத்திரி வாடையை ஏற்றிவிடும். ஆரஞ்சு மரக் கரி மணமாகத்தான் இருக்கும், ஆனால் வெடித்துப் பொறி பறந்து வாடிக்கையாளரின் வெள்ளை அங்கியில் ஓட்டை போடும். கொட்டாங்குச்சிக் கரிதான் கரி. இரண்டு கட்டியை ஒன்றோடொன்று தட்டினால் வெண்கலம்போல ‘டிங்’ என்று கேட்க வேண்டும். சாம்பல் விபூதி நிறத்தில் இறங்க வேண்டும். பழுப்பேறினால் மண் கலந்திருக்கிறது. பற்ற வைக்கப் பத்து நிமிடம் பொறுமை வேண்டும். ஆறு பக்கமும் கறுப்பே தெரியாமல் சிவந்த பிறகுதான் கிண்ணத்தில் ஏற்றலாம். கால் மணிக்கு ஒரு தரம் சாம்பலைத் தட்டிப் புரட்டிவிட்டால் ஒரு மணி நேரத்துக்குமேல் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் புகையும் இருக்கக் கூடாது, வாடையும் இருக்கக் கூடாது. “நல்ல கரி இருக்கிறதே தெரியக் கூடாது” என்பது தசரதனின் வேதம்.

ஊர் திரும்பியதும் வீட்டுக்குப் பின்னால் இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்களை வைத்துக் கொட்டாங்குச்சி சுட ஆரம்பித்தார். சுட்டதை இடித்து, மரவள்ளி மாவுக் கஞ்சியில் பிசைந்து, அச்சில் அழுத்தி, வெயிலில் காயவைத்தால் சதுரச் சதுரமாக ஹூக்காக் கரி. மீஞ்சூர் வியாபாரி ஒருவர் வாங்கிக் கப்பலேற்றினார். ஹூக்கா பிடிக்கிற ஆள் ஒருவர்கூட இல்லாத குப்பத்தில், ஹூக்கா பார்களுக்குத் தடை போட்ட மாநிலத்தில், உலகத் தரத்தில் ஹூக்காக் கரி தயாரானது.

“ஊரே கடலுக்குப் பூடுது, நீ இன்னாடான்னா கொட்டாங்குச்சியக் கொளுத்திகினு குந்திகினுகீறே,” என்பார் ஊர்த் தலைவர் துளசிங்கம்.

“நீ புடிக்கிற மீனு மறுநாளே நாறும் தலீவரே. எங்கரிய நாப்பது வருசம் வெச்சுப் பாரு, நாறவே நாறாது,” என்பார் தசரதன். ஊரில் இந்தப் பதிலைக் கேட்காதவர் யாருமில்லை.

அவருக்கு ஒரே மகள், சுதா. அந்தப் பதினேழு வருடத்தில் அவர் ஊருக்கு வந்துபோன நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம் தேறும். நான்கு வயதில் அவள் இவரைப் பார்த்துவிட்டு, “யம்மா, துபாய் மாமா வந்துகீறாரு,” என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். மாமா என்பதும் தப்பு, துபாய் என்பதும் தப்பு. அப்புறம் அவள் அவரை நைனா என்று கூப்பிடப் பழகினாள். பழகினாள் என்பதுதான் சரியான சொல். மீஞ்சூரில் தொழிற்சாலை வேலை பார்க்கும் முரளிக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தபோது தசரதன் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். பதினேழு வருடத்து அப்பன் வேலையை இந்த மூன்று மாதத்தில் பார்த்து முடித்துவிடுவது.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இன்னும் பெயர் வைக்கவில்லை. தசரதன் அதை “மேடம்” என்று கூப்பிட்டார். ஷீஷா கடையில் பெண்கள் உட்காரும் மேசைப் பக்கம் போனால் அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம். துணித்தூளியின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

“மேடத்துக்கு இன்னா வோணும்? பாலா? ஃபேன் கொஞ்சம் கம்மி பண்ணட்டா மேடம்?”

“நைனா, சிரிக்க வெக்காதே. தையல் வலிக்குது,” என்று சுதா வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

பதிமூன்றாம் நாள். கார்த்திகை மழை மூன்று நாளாக விடவில்லை. ஏரிப் பக்கமிருந்து வாடைக்காற்று அடித்தது. குழந்தையின் துணி ஒன்றும் காயவில்லை. பிஞ்சு விரல்கள் சில்லென்று இருந்தன. குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டி முடித்ததும், அறையில் கொஞ்ச நேரம் கணப்பு வைக்கலாம் என்று குணசுந்தரி சொன்னாள். இஸ்திரிக்காரரிடம் வாங்கிய சவுக்குக் கரியை முறத்தில் எடுத்தும் வந்தாள்.

தசரதன் முறத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

“இன்னாமே இது? இதப் போட்டா ரூமெல்லாம் பொகையும். மேடம் இருமுவாங்க.”

“எல்லார் ஊட்லயும் இதத்தான் போடுறாங்க. சன்னலத் தொறந்து வெச்சாப் பூடும்.”

“சன்னலத் தொறந்தா வாடைக்காத்து வரும். நம்ம கரியப் போடறேன் இரு. வெச்சிருக்கிறதே தெரியாது.”

கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கிலிருந்து இருபது கட்டி பொறுக்கினார். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். வாசலில் அடுப்பில் போட்டு, ஆறு பக்கமும் சிவக்கும்வரை நின்று, சாம்பல் தட்டி, இரும்புச் சட்டியில் அடுக்கி அறையில் வைத்தார். அவர் வெளிநாட்டுப் பணத்தில் கட்டிய அறை அது. அலுமினியச் சன்னலை இழுத்து மூடினால் ஊசி நுழையாது. கதவுக்குக் கீழே மட்டும் காற்று வந்தது. தன் துண்டைச் சுருட்டி அதையும் அடைத்தார். மகளும் பேத்தியும் இதமான சூட்டில் தூங்கிப்போனார்கள். தசரதன் கதவுக்கு வெளியே நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். ஒரு வாடையும் இல்லை. அந்த மத்தியானம் அவர் ரொம்பவும் சந்தோஷமாக இருந்தார்.

நாலு மணிக்குக் குணசுந்தரி பூண்டுப்பால் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சுதாவை உலுக்கி உலுக்கித்தான் எழுப்ப முடிந்தது. எழுந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். அவளது இடது கைக்கு அருகில் கிடந்த குழந்தை எழுந்திருக்கவே இல்லை.

சின்னக் குழந்தை, ஊர் வழக்கப்படி இருட்டுவதற்குள் புதைத்துவிட்டார்கள். கையில் ஏந்திக்கொண்டு போனது தசரதன்தான். “கன்னம் பாரு, ரோஸ் பவுடர் போட்டாப்ல செவசெவன்னு கீது. தூங்குற மாதிரியே கீது,” என்று யாரோ ஒரு பெண் அழுதாள். தசரதன் குனிந்து பார்த்தார். அந்தச் சிவப்பை அவர் முன்பே பார்த்திருக்கிறார்.

மனாமாவில், ஒரு குளிர்காலத்தில், கூட வேலை பார்த்த பங்களாதேஷ்காரன் ஒருவன் மீந்த கனலை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு போய், கதவைச் சாத்திக்கொண்டு படுத்தான். காலையில் இதே கன்னத்தோடு கிடந்தான். கரியிலிருந்து வரும் நச்சுக்காற்று என்று டாக்டர் சொன்னார். அவன் கால் பக்கத்தைப் பிடித்துத் தூக்கியவர் தசரதன். பல வருடம் அந்தக் கதையைப் பலரிடம் சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் ஒரே முடிவுதான்: “அவன் எடுத்துட்டுப் போனது மட்டக் கரி.” நாற்றமும் புகையும்தான் கொல்லும், நல்ல கரி கொல்லாது என்று அவர் நிஜமாகவே நம்பியிருந்தார். கரி தெரியாத குணசுந்தரியின் சவுக்குக் கரியைப் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் இருமல் வந்து சன்னலைத் திறந்திருப்பார்கள். தெரிந்தவர் வீட்டில் இருந்ததால் மூடியே கிடந்தது.

சம்பந்தியம்மா ஹேமாவதி மறுநாள் வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“நல்லா இருந்த புள்ள எப்பிடிச் சாவும்? உம்பொண்ணு அது மேல பொரண்டுட்டா. எழுப்பினாக்கூட எந்திரிக்கலையாமே, அந்தத் தூக்கம். பெத்தவளா அவ?”

யாரும் மறுக்கவில்லை. மறுக்க யாரிடமும் வேறு காரணம் இல்லை. இருந்த ஒருவர் வீட்டுக்குப் பின்னால் பீப்பாய்களின் பக்கம் போய் நின்றுகொண்டார். இரண்டு நாளில் அது ஊர்ப் பேச்சாயிற்று. மூன்றாம் நாள் சுதாவே அதை நம்பிவிட்டாள். இடது கையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாள். அந்தக் கையைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. பால் கட்டி மார்பு கல்லாகக் கிடந்தது. குளிக்கவில்லை, சாப்பிடவில்லை. “யம்மா, நான் பொரண்டனா?” என்று மட்டும் கேட்பாள். குணசுந்தரி “இல்ல கண்ணு” என்பாள். எதனால் இல்லை என்று சொல்லத் தெரியாது. அறைக்கு வெளியே தசரதன் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். எட்டாம் நாள்வரை கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, கோழை. இரண்டும் ஒன்றல்ல என்று அந்த எட்டு நாளும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எட்டாம் நாள் சாயங்காலம் முரளி வீட்டிலிருந்து ஆள் வந்தது. நாளைக்கு ஊர்க்கூட்டம், பெண்ணை அவர்கள் திரும்ப அழைத்துக்கொள்ளப் போவதில்லை என்றான். அவன் போனதும் தசரதன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.



“சொல்லாதே,” என்றாள் குணசுந்தரி. “சொன்னா அவளுக்கு நைனாவும் இல்லாம பூடும்.”

“பதினேழு வருசம் இல்லாமத்தானமே இருந்தா.”

வலை பின்னும் கூடத்தில் கூட்டம் நடந்தது. மழை விட்டிருந்தது. முரளியும் அவன் அம்மா ஹேமாவதியும் வந்திருந்தார்கள். துளசிங்கம் வாயைத் திறப்பதற்குள் தசரதன் எழுந்தார். கரி போட்டது, சன்னலை மூடியது, துண்டு வைத்து அடைத்தது, பங்களாதேஷ்காரன் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அழாமல் சொன்னார். அதுதான் தப்பாகப் போயிற்று.

“பொண்ணக் காப்பாத்த அப்பன் இன்னா வோணா சொல்லுவான்,” என்றாள் ஹேமாவதி. “கரி வெச்சா பொகை வரும், பொகை வந்தா மூச்சு முட்டும். அது தெரியும். உங்கரிலதான் பொகையே இல்லியே! ஊரெல்லாம் நீதான சொல்லிகினு திரிஞ்சே?”

“அதான், நாப்பது வருசம் ஆனாலும் நாறாதுன்னியே,” என்றார் துளசிங்கம், வருத்தத்தோடுதான். “நாறாத கரி எப்பிடி தசரதா சாவடிக்கும்?”

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். இன்னொருவர் அவரை அடக்கினார். தசரதன் தன் வாழ்நாளில் பரப்பிய ஒரே நம்பிக்கை அவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது. உண்மையைச் சொன்னார், அது மகளுக்காகச் சொன்ன பொய் என்று எல்லோரும் மனமிரங்கி மன்னித்தார்கள்.

தசரதன் ஹேமாவதியைப் பார்த்து, “சம்பந்தி, தலீவர் ஊட்ல கோழி இருக்குது. நல்லா ஓடற கோழியா உங்க கையாலயே ஒண்ணு புடிங்க. என் வூட்டுக்கு வாங்க,” என்றார்.

ஹேமாவதி ஒரு செவலைப் பெட்டைக்கோழியைப் பிடித்தாள். அது அவள் புறங்கையில் கொத்தி ரத்தம் வரவைத்தது. கூட்டம் முழுவதும் தசரதன் வீட்டு வாசலுக்கு நகர்ந்தது. சுதாவைக் குணசுந்தரி அறையிலிருந்து எழுப்பி வந்து வீட்டுக் கூடத்தில் ஒரு மூலையில் உட்காரவைத்தாள்.

தசரதன் இருபது கட்டி பொறுக்கினார். பழக்கதோஷம், ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். ஆறு பக்கமும் சிவக்கும்வரை நின்றார். அதே சட்டி, அதே அறை. கோழியைக் காலில் கயிறு போட்டுக் கட்டிலின் காலில் கட்டினார். சன்னலை இழுத்து மூடி, கதவைச் சாத்தி, துண்டைச் சுருட்டி அடைத்தார்.

“கோழிக்குக் குளுரு உட்டிருக்கும்,” என்று யாரோ சொன்னார்கள். கொஞ்ச நேரம் உள்ளே கொக்கரிப்பு கேட்டது. ஹேமாவதி இரண்டு தடவை போய்க் கதவிடுக்கில் மூக்கை வைத்தாள்.

“ஒண்ணும் நாறலியே.”

“நாறாது,” என்றார் தசரதன்.

சத்தம் நின்றது எப்போது என்று யாரும் கவனிக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து தசரதன் முதலில் வெளிப்பக்கமாகப் போய்ச் சன்னலைத் திறந்தார். பிறகு எல்லோரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லிக் கதவைத் திறந்தார். காற்று போய் வரட்டும் என்று காத்திருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் கயிற்றை அவிழ்த்தார். கோழியை இரண்டு கையிலும் ஏந்தி வந்து முற்றத்தில் வைத்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கொண்டை முன்பைவிடச் சிவந்திருந்தது. ஹேமாவதி அதைப் புரட்டிப் பார்த்தாள். இறக்கையை விரித்துப் பார்த்தாள். அப்படியே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

சுதா எழுந்து வாசற்படிக்கு வந்திருந்தாள். கோழியைப் பார்த்தாள். பிறகு தசரதனைப் பார்த்தாள்.

“அப்போ நான் பொரளல?”

“நீ பொரளல கண்ணு.”

அவளுடைய இடது கை மெல்ல மேலே வந்தது. அதை வலது கையால் பிடித்து மார்போடு சேர்த்துக்கொண்டாள். ஒன்பது நாளில் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். தசரதன் ஓரடி எடுத்து வைத்தார். அவள் பின்னால் நகர்ந்து முரளியின் பக்கம் போய்விட்டாள்.

போலீசுக்குப் போகலாமா என்று ஒருவர் கேட்டார். முரளி வேண்டாம் என்றான். “என் வாயி அழுவிப் போவ,” என்று சொல்லி ஹேமாவதி மருமகளின் முகத்தை முந்தானையால் துடைத்தாள். சாயங்காலப் பேருந்தில் மூன்று பேரும் பொன்னேரி போய் அங்கிருந்து ரயிலில் மீஞ்சூர் போனார்கள். காயாமலே கிடந்த குழந்தைத் துணிகளைச் சுதா ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். அம்மாவிடம் போய்வருகிறேன் என்றாள். இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. குணசுந்தரிதான் மாதம் ஒரு தடவை மீஞ்சூர் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். சுதா இந்த வீட்டுக்கு வரவில்லை. தொலைபேசியில் நைனா என்று கூப்பிட்டதுமில்லை.

அவர் ஏன் அப்படிச் செய்தார், சும்மா இருந்திருக்கலாமே, காலம் ஆற்றியிருக்காதா என்று ஊரில் இன்னும் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். அவர் செய்தது இதுதான்: தன் பேத்தியைக் கொன்றது தான் சுட்ட கரி, அதை மூடிய அறையில் வைத்தது தான் என்பதை, யாரும் நம்பாதபோது, மகள் பார்க்க ஒரு கோழியைக் கொன்று நிரூபித்தார்.